ஷெரீப் தமிழில் விழுந்தார்

அன்று காலை ஒன்பது மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் நடுவில் நான் எத்தனை தடவை கீழே விழுந்தேன் என்பதற்குக் கணக்கே கிடையாது.

குதிரையிலிருந்து விழுந்தேன். கூரையிலிருந்து விழுந்தேன். ஓடுகிற வண்டியிலிருந்து விழுந்தேன், அதே வண்டி திரும்பி வந்து என்மேல் ஏறியது. இரும்புப் பெட்டி ஒன்று நேராகத் தலையில் இறங்கியது. துப்பாக்கி வெடிக்கவில்லையே என்று குழலுக்குள் எட்டிப் பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன், சனியன் போகட்டும் என்று இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்புறம்தான் அது வெடித்தது.

அத்தனையும் நின்ற இடத்தில் நின்றபடியே! பர்மாவில், லத்தா வட்டாரத்தில் சீன மருந்துச் சரக்கு மொத்தக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் ஓர் அறை. ஒரு கட்டில் போட்டால் நிற்க இடம் இருக்காது. வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்கச் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். மின்விசிறி போட்டால் மைக்கில் கேட்கும் என்று அதுவும் கிடையாது. வெயிலுக்காக முகத்தில் பூசிய தனகா மரச்சாந்து கரைந்து கழுத்து வழியாக ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோ மின் தூ உட்கார்ந்திருப்பார். ஸ்டுடியோவுக்கு முதலாளியும் அவர்தான், ஒலிப்பதிவு செய்கிறவரும் அவர்தான். விரலை உயர்த்துவார். திரையில் ஷெரீப் விழுவார். நான் கத்துவேன்.

"நல்லா வந்திருக்கு மா தன்டா! அடுத்தது!"

எனக்கு அப்படி ஒரு குஷி! நாற்பத்தொன்பது வயதில், தொண்டை கிழியக் கிழியக் கத்துவதற்கு ஓர் இடம் கிடைத்தால் எந்தப் பொம்பளைதான் சந்தோஷப்படமாட்டாள், சொல்லுங்கள்.

யார் இந்த ஷெரீப்?

அது ஒரு பழைய கார்ட்டூன். பதின்மூன்று பாகம். வெயில் காயும் ஓர் ஊர், அதற்குப் போலீஸாக ஒரு ஷெரீப். தொப்பை முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். மார்பில் நட்சத்திரம், தலையில் குடை அளவுக்குத் தொப்பி, கையில் ஒரு குறிப்புப் புத்தகம். ஊரில் இருப்பதோ ஒரே ஒரு திருடன். அவனைப் பிடிப்பதுதான் அவருக்கு வேலை.

ஒரு பாகத்தில் திருடன் பாங்கைக் கொள்ளையடித்துவிட்டு வெளியே வருவான். எதிரில் ஷெரீப். "ஐயா, இந்த மூட்டையைக் கொஞ்சம் பிடிங்க, செருப்பு வார் அவிழ்ந்துபோச்சு" என்பான். இவர் பிடித்துக்கொள்வார். அவன் கட்டி முடித்ததும் மூட்டையைத் திருப்பிக் கொடுத்து, குதிரைமேல் ஏற்றிவிட்டு, சல்யூட் அடித்து அனுப்பிவைப்பார். பிறகு புத்தகத்தை எடுத்து, 'இன்று ஊரில் குற்றம் ஏதும் நடக்கவில்லை' என்று எழுதுவார்.

இன்னொன்றில் 'தேடப்படும் ஆள்' போஸ்டர் ஒட்டப் போய் பசையில் தானே சுவரோடு ஒட்டிக்கொள்வார். ஊர்க்காரர்கள் அவரையே போஸ்டர் என்று நினைத்து, "படம் அப்படியே உயிரோட இருக்கிற மாதிரி இருக்கே" என்று மெச்சிக்கொண்டு போவார்கள். கடைசியில் திருடனே வந்து பென்சிலால் அவருக்குக் கண்ணாடி வரைந்துவிட்டுப் போவான்.

சிறையில் திருடனை அடைத்துப் பூட்டுவார். பூட்டி முடித்துப் பார்த்தால், கம்பிக்கு உள்ளே இவர், வெளியே அவன். அவனுக்கும் மனசு கேட்காது. மூன்று வேளையும் சோறு கொண்டுவந்து கொடுப்பான்.

இதிலெல்லாம் ஒரு பொருளும் கிடையாது, ஒரு நீதியும் கிடையாது. எனக்குப் பிடித்ததே அதுதான். தான் முட்டாள் என்பது அந்த மனுஷருக்குக் கடைசி நொடிவரை தெரியாது. விழுந்து, நசுங்கி, பத்திரிகைத் தாள் மாதிரி தட்டையாகி, எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கம்பீரமாக நடந்துபோய் அடுத்த கிணற்றில் விழுவார். எத்தனை தடவை பார்த்தாலும் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

மூன்றாம் மாடியில் ஒரு டி.வி.

இதே மாதிரி ஒரு கோமாளி ஷெரீப்பை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். அது வேறு கார்ட்டூன், வேறு ஷெரீப். இதே ஊரில், பபேடான் பகுதியில் எங்கள் கட்டடத்துக்கே ஒரு டி.வி.தான், மூன்றாம் மாடியில். சாயந்தரமானால் ஆறு மாடி ஜனமும் அந்த ஒரு வீட்டில் இருக்கும். செருப்பு வாசலிலிருந்து படிக்கட்டு வரை கிடக்கும்.

கார்ட்டூன் இங்கிலீஷில் ஓடும். ஒருத்தருக்கும் புரியாது. ஆளுக்கு ஒரு கதை கட்டிக்கொள்வோம். ஷெரீப்பின் குதிரைக்கு மாமனார் வீட்டில் சண்டை என்று நாலாம் மாடிக்காரர் சொல்வார். இல்லை, சம்பளம் வரவில்லை என்று குதிரை கோபித்துக்கொண்டிருக்கிறது என்று என் அப்பா சொல்வார். இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாத குறைதான்.

அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை. காக்கிச் சட்டை எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். தப்புத்தண்டா ஒன்றும் செய்தவரில்லை. பழக்கம், அவ்வளவுதான். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு, எனக்கும் இன்றுவரை உண்டு.

அப்பேர்ப்பட்ட மனுஷர், நட்சத்திரம் குத்திய ஒரு ஆள் பொத்துப் பொத்தென்று விழுவதைப் பார்த்துத் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "விழுறான் பாரு, மறுபடியும் விழுறான் பாரு" என்று பக்கத்தில் இருந்தவர் முதுகில் அறைந்தார். அப்பாவுக்குள் இப்படி ஒரு ஆள் இருக்கிறாரா என்று நான் வாய் பிளந்து பார்த்தேன்.

முகம் தெரியாத குரல்

ஷெரீப்புக்கு நான் எப்படிக் குரல் கொடுக்கப் போனேன் என்று கேட்பீர்கள். அதற்கு என் பழைய வேலையைச் சொல்ல வேண்டும்.

போட்டாதாங் படகுத்துறையில் இருபது வருஷத்துக்கும் மேலாக மைக் பிடித்தவள் நான். எந்தப் படகு எப்போது கிளம்புகிறது, எந்தப் பக்கம் ஏற வேண்டும், யார் வீட்டுப் பிள்ளை காணாமல்போய் அழுதுகொண்டு நிற்கிறது, எல்லாம் என் வாயில்தான். வீட்டில் நான் செல்வி. அங்கே தன்டா, மரியாதைக்கு முன்னால் ஒரு 'மா'. எங்களுக்கெல்லாம் இரண்டு பெயர் இருப்பது இந்த ஊரில் சகஜம். பர்மியத்தில் என் உச்சரிப்பு சுத்தமோ சுத்தம். ஒரு துளி பிசகு இருக்காது.

அதில் எனக்கு எவ்வளவு கர்வம் தெரியுமா? ஒருநாள் ஒரு அம்மாள் அறைக்கே வந்து, "இவ்வளவு இனிமையாப் பேசுற அறிவிப்பாளர் எங்கே?" என்று என்னிடமே கேட்டாள். "நான்தாங்க" என்றேன். என் கறுத்த முகத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். என் தோளுக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிக்கூடப் பார்த்தாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. மெடல் குத்தியது மாதிரி பூரித்துப்போய் வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னேன். மைக் முன்னால் நான் யார் என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு கெட்டிக்காரி நான்! இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. ஆனால் அன்று அதுதான் என் சொத்து.

படகுக் கம்பெனி மூடியது. வேலை போயிற்று. வீட்டில் சும்மா இருக்கிறவளா நான்? கோ மின் தூவுக்குக் குரல் ஆட்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, மறுநாளே மூன்று மாடி ஏறிப் போய் நின்றுவிட்டேன்.

முதலில் குதிரை

முதலில் எனக்குக் கிடைத்தது ஷெரீப்பின் குதிரை. அப்புறம் கோழிகள். அப்புறம் சந்தையில் "திருடன், திருடன்" என்று கத்தும் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும். ஷெரீப்புக்கு வேறொரு ஆள் இருந்தார், நல்ல கனத்த குரல். இரண்டாவது வாரம் அவர் தாய்லாந்துக்குப் போய்விட்டார். இப்போதெல்லாம் யார் எப்போது போவார்கள் என்று சொல்ல முடியாத காலம், அதனால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கோ மின் தூ தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மண்டலேக்காரர், ஊரில் இருந்ததை எல்லாம் விற்று இந்த அறையைப் போட்டவர். "இந்தப் பதின்மூன்று பாகமும் முடிஞ்சு காசு கைக்கு வரலேன்னா மைக்கை வித்துட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்" என்றார். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன்: அவர் பேசியது பர்மியம். இந்தக் கதையில் பெரும்பாலும் எல்லோரும் பேசுவது பர்மியம்தான், உங்களுக்காக நான் தமிழில் எழுதுகிறேன்.

"நான் பேசட்டுமா?" என்றேன்.

"ஷெரீப் ஆம்பளை, மா தன்டா."

"குதிரையும் ஆம்பளைதான். அதை மட்டும் கொடுத்தீங்களே?"

மூக்கைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு படகு அறிவிப்பை ஷெரீப் குரலில் சொல்லிக் காட்டினேன். மனுஷர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தார். வேலை எனக்கு!

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சை எல்லாம் முதலில் பதிவு செய்துவிடுவோம். அடி, உதை, அலறல் எல்லாம் கடைசி. முதலிலேயே அலறினால் தொண்டை போய்விடும், பிறகு பேச்சுக்குக் குரல் இருக்காது. அலறலுக்குத் தாளில் வசனமும் கிடையாது, 'விழுகிறார்' என்று மட்டும் எழுதியிருக்கும். என்ன கத்துவது என்பது கத்துகிறவர் பாடு.

முதல் இரண்டு பாகத்தை மட்டும் மாதிரிக்காக முழுதாக முடித்து, இந்தக் கார்ட்டூனைக் கொடுத்து வேலை வாங்கும் டோ கின் மே அம்மாளுக்கு அனுப்பியிருந்தோம். அதில் விழும்போதெல்லாம் பர்மாக்காரர்கள் கத்துகிற மாதிரி "அமலே!" என்று, வீட்டில் நாலு தடவை ஒத்திகை பார்த்துவிட்டு வந்து சுத்தமாகக் கத்தியிருந்தேன். மிச்சம் பதினோரு பாகத்து அலறலையும் ஒரே காலையில் முடித்தாக வேண்டும். கரண்ட் அந்த வட்டாரத்துக்கு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரைதான். அந்தக் காலையைத்தான் முதலில் சொன்னேன். கரண்ட் போன அந்த நிமிஷத்தில் கடைசிக் கிணற்றில் விழுந்து முடித்தேன். இரண்டு பேரும் கை தட்டிக்கொண்டோம். கோ மின் தூ எல்லாவற்றையும் என் போனிலும் போட்டுக் கொடுத்தார்.

மணி இயர்போனைக் கழற்றினார்

என் வீட்டுக்காரர் மணி, போட்டாதாங்கில் கிடங்கு மேஸ்திரி. அவர் அம்மா பர்மாக்காரி, அப்பா நம்மாள். நினைப்பதெல்லாம் பர்மியத்தில், வம்பிழுப்பது மட்டும் தமிழில். அன்று சாயந்தரம் வந்ததும் வராததுமாகப் போனை அவர் கையில் கொடுத்து, "கேளுங்க, உங்க பொண்டாட்டி எப்படிக் கலக்கியிருக்கான்னு" என்றேன்.

மீன் சாற்றில் சேமியா போட்ட மொஹிங்கா கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, இயர்போனை மாட்டிக்கொண்டார். சிரித்தார். இன்னும் சிரித்தார். திடீரென்று இயர்போனைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏன் செல்வி, இந்த ஷெரீப் தமிழாளா?"

"என்னா உளர்றீங்க?"

"நான் உளறலே. ஒன் ஆளு தலையில பெட்டி விழுந்ததும் முருகாங்கறான்."

பிடுங்கி என் காதில் மாட்டினேன். ஷெரீப் நல்ல பர்மியத்தில், அரண்மனை மந்திரி மாதிரி, "சட்டத்தின் பெயரால் உன்னைக் கைது செய்கிறேன்" என்றார். ஓர் அடி எடுத்து வைத்தார். கால் தடுக்கியது. "ஐயய்யோ! யம்மாடி!" குதிரை உதைத்தது. "அட நாசமாப் போறவனே, என் இடுப்பு!" கூரை இடிந்தது. "செத்தேன் சாமி!"

பதினோரு பாகமும் அப்படியே! ஒரு இடத்தில்கூட "அமலே" இல்லை. எழுந்து தொப்பியைச் சரிசெய்ததும் மறுபடி பர்மியம். விழுந்தால் தமிழ்.

சத்தியமாகச் சொல்கிறேன், கத்தும்போது எனக்குத் தெரியவே தெரியாது. கோ மின் தூவுக்கும் தெரியவில்லை. ஏதோ வாய்க்கு வந்த சத்தம் போடுகிறேன் என்று நினைத்து, வாயசைப்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார். பிறந்ததிலிருந்து பர்மியத்திலேயே விலை கேட்டு, சண்டை போட்டு, படகு கூப்பிட்டு வாழ்ந்தவள். கால் கட்டைவிரல் கட்டிலில் இடித்தால் மட்டும் இன்னொருத்தி வெளியே வருகிறாள்.

மணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏனென்றால் டோ கின் மே லேசுப்பட்ட ஆள் இல்லை. சுத்தமான பர்மியம்தான் வேண்டும் என்று முதல் நாளே சொன்னவர். வேறொரு இடத்தில் செய்த ஒரு தொடர் முழுவதையும், ஒரே ஒரு குரலில் 'வெளியாள் வாடை அடிக்கிறது' என்று திருப்பி அனுப்பியவர். மறுநாள் காலையில்தான் அவர் எல்லாவற்றையும் பார்க்கப்போகிறார். அவர் வேண்டாம் என்றால் கோ மின் தூவின் மைக் போச்சு, என் ஷெரீப் போச்சு, இத்தனை வருஷமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த என் கெட்டிக்காரத்தனமும் போச்சு.

கோ மின் தூவுக்குப் போன் போட்டேன். கிடைக்கவில்லை. மறுபடி போட்டேன். அந்த வட்டாரத்தில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை.

டீ ஆற வேண்டும்

டோ கின் மேயிடம் ஒரு பரீட்சை உண்டு. எதை வாங்கினாலும் முதலில் போட்டாதாங்கில், துறைமுகத்துக்கு எதிரே தன் வீட்டுக்குக் கீழே உள்ள டீக்கடையில் காலை நேரத்தில் ஓடவிடுவார். ஒரு மூலையில் உட்கார்ந்து டி.வி.யைப் பார்க்கமாட்டார், மேஜைகளைத்தான் பார்ப்பார். ஜனம் டீயைக் குடித்துக்கொண்டே பார்த்தால் பெயில். குடிக்க மறந்து டீ ஆறிப்போனால் பாஸ்.

விடிந்ததும் மணியையும் இழுத்துக்கொண்டு அங்கே ஓடினேன். போவதற்குள் முதல் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. அதில்தான் அந்தப் பெரிய விழுதல் வரும். ஷெரீப் தண்ணீர்த் தொட்டி உச்சியில் ஏறி, தூரக்கண்ணாடியை முன்பின்னாகத் திருப்பிப் பிடித்துப் பார்ப்பார். பக்கத்திலேயே நிற்கும் திருடன் எங்கோ மலைக்கு அப்பால் நிற்பதாகத் தெரியும். "அவ்வளவு தூரமா! கிளம்பிட வேண்டியதுதான்" என்று ஓர் அடி எடுத்து வைப்பார். விழுந்துகொண்டே இருப்பார். விழுகிற வழியில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவார், வாய் துடைப்பார், குறிப்புப் புத்தகத்தில் எழுதுவார், அப்புறமும் தரை வந்திருக்காது.

ஜனம் புன்னகைத்தது. ஒருவர் சமோசாவுக்குக் கை நீட்டினார். எல்லோரும் டீயை உறிஞ்சினார்கள். டோ கின் மேயின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த கோ மின் தூவின் காதோரம் குனிந்தேன். "ஒரு தப்பு நடந்துபோச்சு. அடுத்ததைப் போடாதீங்க. கீழே விழும்போது அந்த ஆள் பர்மாக்காரர் இல்லை."

"பின்னே யாரு?"

"நான்."

அவருக்குப் புரிவதற்குள் டோ கின் மே கையைக் காட்டிவிட்டார், நாலாம் பாகம் வந்துவிட்டது. போஸ்டர் கதை. இரும்புப் பெட்டி இறங்கியது. கடை முழுக்கக் கேட்கிற மாதிரி என் குரல்: "முருகா! செத்தேன் சாமி!"

கடையே சிரிப்பில் வெடித்தது! பிள்ளைகள் மேஜையைத் தட்டின. ஒரு பெரியவர் இருமி இருமிச் சிரித்தார். குதிரை உதைத்தது. "என் இடுப்பு!" இன்னொரு வெடி. வாசலில் மூட்டை தூக்கி வந்து நின்ற ஓர் ஆள், துறைமுகத்தில் சுமை தூக்கும் தமிழ்க்காரர், மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டார்.

"டேய்! நம்மாளுடா! சட்டை போட்டவன்லாம் யாரோ, அடி வாங்குறவன் நம்மாளுடா!"

அவர் தமிழில் கத்தியது எங்களைத் தவிர யாருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் அவரைப் பார்த்துவிட்டார்கள். டோ கின் மேயும் பார்த்தார். மெதுவாகத் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தார்.

"இது என்ன பாஷை?"

கோ மின் தூ வாயைத் திறந்தார். எனக்காக ஏதோ பொய் சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. எனக்குத் தாங்கவில்லை, எழுந்துவிட்டேன்.

"தமிழ். எங்க வீட்டுப் பாஷை. பேசுறது நான்தான். வேணும்னு செய்யலே, அடி பட்டா எனக்கு அதுதான் வருது. திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க. இவருக்கு ஒண்ணும் தெரியாது."

மைக் இல்லாமல், இந்த முகத்தோடு, இத்தனை பேர் முன்னால் நான் பேசியதே இல்லை.

டோ கின் மே மேஜை மேஜையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் தன் கோப்பையைப் பார்த்தார். டீமேல் ஆடை படிந்திருந்தது.

"முதல் பாகத்துல இந்த மனுஷன் விழற மாதிரி நடிக்கிறான்" என்றார். "இதுல நிஜமாவே விழறான். முதல் ரெண்டு பாகத்தையும் இதே மாதிரி மாத்திக் கொடுங்க. நாளை மறுநாள் வேணும்."

நான் அங்கேயே மணியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன். இரண்டும் ஒன்றாக வந்தது. பிள்ளைகள் அதற்குள் நாற்காலியிலிருந்து வேண்டுமென்றே விழுந்து விழுந்து "ஐயய்யோ" கத்திப் பழகிக்கொண்டிருந்தன. மூட்டைக்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஒரே ஒரு விழுதல் பாக்கி

இரண்டு நாள் கழித்துக் காலை ஒன்பது மணி. கரண்ட் வந்தது. அதுவரை கோ மின் தூ மடிக்கணினியில் சார்ஜ் இருக்கும்போதெல்லாம் அந்தப் பதினோரு பாகத்து அலறலையும் காதில் போட்டுக்கொண்டு வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் பாகம் சின்னச் சின்ன அடிதான், ஒப்பேற்றிவிட்டேன். பாக்கி இருந்தது அந்தத் தண்ணீர்த் தொட்டி.

நின்றேன். அவர் விரலை உயர்த்தினார். ஷெரீப் விழுந்தார்.

"ஐயய்யோ" என்றேன்.

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நிற்கிற பிள்ளை சொன்ன மாதிரி இருந்தது.

மறுபடியும் விழுந்தேன். மோசம். மறுபடியும். அதைவிட மோசம். என்னென்ன வார்த்தை வர வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும், அதுதான் வினை. முருகாவைக் கூப்பிடலாமா, அம்மாவைக் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டா ஒருத்தி விழுவாள்?

"மா தன்டா, அன்னிக்கு எப்படி விழுந்தீங்களோ அப்படியே விழுங்க."

"அன்னிக்கு நான் விழலேங்க, தானா விழுந்துச்சு!"

நேரம் பன்னிரண்டரை ஆகிவிட்டது. தொண்டை கட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போனால் முடிந்தது, டோ கின் மேக்குச் சாயந்தரத்துக்குள் போயாக வேண்டும். கோ மின் தூவும் பதறிப்போனார். கரண்ட் போனாலும் நிற்காமல் ஓட்டலாம் என்று, மேஜைக்கு அடியில் இருந்த பெரிய பாட்டரியை இழுத்துக்கொண்டு என் அறைக்குள் வந்தார். வியர்த்த கை. வாசப்படியில் பாட்டரி நழுவியது. நேராக அவர் பாதத்தில்!

"ஐயய்யோ!"

அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் அறையைச் சுற்றிக் குதித்தார்.

"யம்மாடி! செத்தேன் சாமி! முருகா! அட நாசமாப் போறவனே! ஐயய்யோ, என் இடுப்பு!"

அடி பட்டது காலில், போனது இடுப்பு. மண்டலேயில் பிறந்து வளர்ந்த மனுஷர், புத்தர் கோவிலைத் தவிர வேறு கோவில் படி மிதிக்காதவர், என் வார்த்தைகளையே, ஒரே மூச்சில் குதித்துக் குதித்துக் கத்தினார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து தரை வரும்வரை எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கத்தினார்.

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் முதலில் ஓடிப்போய் அந்தப் பதிவைச் சேமித்தேன், அப்புறம்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். முதல் பாகத்தில் ஷெரீப் விழுவது அந்தக் குரலில்தான்.

அவர் மெத்தைச் சுவரில் சாய்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

"கோ மின் தூ, இப்போ என்ன சொன்னீங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"வலிக்குதுன்னு சொன்னேன். வேறென்ன சொல்லுவாங்க?"